தகரச் சேவலின் சொந்தப் பெயர்

வோல்டர் கேர்டிங்கின் சவப்பெட்டியைத் தூக்கிய எட்டுப் பேரில் ஏழு பேர் மூன்று வருஷமாக அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. எட்டாவது ஆள் நான். நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன், பேச வேண்டிய ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும்.

எங்கள் ஊரில் சாவு விழுந்தால் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் தூக்க வேண்டும். பகை, மனத்தாங்கல் எதுவும் அதற்குக் குறுக்கே வராது. தெருக்கோடிப் பண்ணைக்காரன் கிராட்ஸ் இடப்பக்கம் முன்னால் பிடித்தான். நல்ல உயரம், நல்ல தோள். பெட்டி சாயாமல் போனது. இறக்கி வைத்ததும் கையைத் துடைத்துக்கொண்டு காபிக்குப் போய்விட்டான். வெண்ணெய் தடவிய திராட்சை ரொட்டி இரண்டு துண்டு தின்றான். வோல்டரின் மனைவி ஹெர்மீன்தான் தட்டை அவன் முன்னால் நீட்டினாள். அதுவும் முறைதான்.

வோல்டர் பால் லாரி ஓட்டியவர். முப்பத்தெட்டு வருஷம், பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் உறிஞ்சி எடுத்துவந்து தொழிற்சாலையில் இறக்குவார். நான் அங்கே ஆய்வகத்தில் வேலை. ஒவ்வொரு பண்ணையின் பாலிலும் ஒரு சின்னக் குப்பி மாதிரி எடுத்துவந்து காலையில் என் ஜன்னலில் வரிசையாக வைப்பார். அந்த ஜன்னலில்தான் பழக்கம். தணிகைவேல் என்ற பெயரை இரண்டு நாள் முயன்றுவிட்டு "டானி" என்று முடித்துவிட்டார். பிறகு அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி எனக்கு வீடு பார்த்துக் கொடுத்ததும் அவரே.

நெதர்லாந்தின் இந்தக் கிழக்கோரத்தில், மாட்டுக் கொட்டகையின் பின்னறையில் ஒரு டிரான்ஸ்மிட்டர் இருப்பது ஊரறிந்த சங்கதி. ஞாயிற்றுக்கிழமை காலையில் மத்திய அலையைத் திருப்பினால் அக்கார்டியன் பாட்டு கேட்கும். நடுவில் ஒரு கரகரப்புக் குரல், மூலைவீட்டு அன்னிக்கும் எதிர்வீட்டுப் பெரியவருக்கும் வணக்கம் சொல்லும். அனுமதி எதுவும் கிடையாது. பிடிபட்டால் அரசாங்க ஆட்கள் டிரான்ஸ்மிட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், அபராதமும் உண்டு. அதனால் யாரும் சொந்தப் பெயரைச் சொல்வதில்லை. கிராட்ஸின் நிலையத்துக்கு 'ஈரக் காலுறை' என்று பெயர். வோல்டருடையது 'தகரச் சேவல்'. பெண்டாட்டி காபி கொண்டுவந்தால்கூட "சமையலறைக்கு நன்றி" என்றுதான் மைக்கில் சொல்வார்கள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒருவர் பாட்டுப் போட்டு முடித்ததும், "யாராவது ரிப்போர்ட் கொடுங்க" என்று சொல்லிவிட்டு அலையைக் காலி செய்வார். உடனே அதே அலையில் இன்னொருவர் வந்து, "தகரச் சேவல், நல்லா வந்துச்சு, பாட்டு கொஞ்சம் மூக்கால பாடுது, காத்து இரைச்சல் வேற" என்று பதில் சொல்வார். அந்தப் பதிலுக்காகத்தான் இந்தப் பாடெல்லாம். பதில் வராவிட்டால் அந்த மனிதன் தனியறையில் இருந்து பேசிய பைத்தியக்காரன்.

பதினேழு வயதில் தொடங்கி வோல்டர் தகரச் சேவலாகவே இருந்தார். அறுபத்துமூன்று வயதில் சட்டம் மாறியது. பொழுதுபோக்குக்காக ஒலிபரப்புகிறவர்களுக்கு ஒரு வாட் சக்தியில் அனுமதி தரலாம் என்றார்கள். ஒரு வாட் என்பது ஃபிரிட்ஜுக்குள் எரிகிற பல்புக்கும் போதாது. ஆனால் அலைவரிசைகள் கொஞ்சம், ஆட்கள் அதிகம். அதனால் தனியாட்களோடு பேச முடியாது, சங்கம் வைத்துக்கொண்டு வாருங்கள் என்றது தலைநகரத்து அலைவரிசை அலுவலகம்.

"ஒரு வாட் போதும் டானி" என்றார் ஜன்னலில் குப்பிகளை அடுக்கிக்கொண்டே. "நாலு கிலோமீட்டர் போனாப் போதும். நாப்பத்தாறு வருஷமா என் பேரை நான் மைக்ல சொன்னதில்ல. ஒரே ஒரு ஞாயித்துக்கிழம, இது வோல்டர் கேர்டிங்க்னு சொல்லணும். எவனாவது, வணக்கம் வோல்டர்னு பதில் சொல்லணும். அவ்வளவுதான்."

பால் எடுக்கப் போகிற பண்ணைகளிலேயே சங்கத்துக்கு ஆள் சேர்த்தார். ஒரு சனிக்கிழமை நானும் லாரியில் கூடப் போனேன். கிராட்ஸின் முற்றத்தில் குழாயை மாட்டிவிட்டு உறுப்பினர் அட்டையை நீட்டினார்.

"ஒரு வாட்டா?" என்றான் கிராட்ஸ். "என் கொட்டகைச் சுவரையே தாண்டாதேய்யா. மாட்டுக்குத்தான் பாட்டுன்னா நானே பாடிட்டுப் போறேன்."

"நீ பாடினா பால் வத்திடும்."

"சங்கம்னா என்ன? தலைவர், செயலாளர், பொருளாளர். ஒரு காபி, ஒரு பிஸ்கட். ரெண்டாவது எடுக்கறதுக்குள்ள டப்பாவை மூடிடுவாங்க. எனக்கு எதுக்கு இந்தக் கருமம்?"

"உன் பேரைச் சொல்லலாம்டா. கிராட்ஸ் நெய்ஹௌஸ்னு. எவனும் வந்து கதவைத் தட்ட மாட்டான்."

"என் பேரு என் பொண்டாட்டிக்கே பிடிக்கல. ரேடியோல வேற சொல்லணுமாக்கும்."

இருந்தாலும் பேனாவை வாங்கினான். பெயர், முகவரி எழுதினான். கடைசிக் கட்டத்தில் 'தற்போதைய சக்தி' என்று இருந்தது. யாருக்கு எந்த அலைவரிசை ஒத்துவரும் என்று பார்ப்பதற்காக வோல்டர் போட்ட கட்டம் அது. கிராட்ஸ் நிறுத்தினான்.

"அடுத்த பண்ணை மார்ட்டின் எவ்வளவு போட்டான்?"

"முந்நூறு வாட்."

"அந்த சோப்புப் பெட்டியில முந்நூறா? சரி." நானூறு என்று எழுதினான். உண்மையில் நூற்றைம்பதுதான். "உனக்காகத்தான் போடறேன் வோல்டர். நான் ஒரு வாட்டெல்லாம் கேட்கப் போறதில்ல, என் பெரிய பெட்டி எனக்கு. இந்த அட்டை உன் லாரியை விட்டு வெளிய போகக் கூடாது."

"போகாது."

"டானி, நீ சாட்சி."

நான் தலையாட்டினேன்.

முப்பத்தொரு பேர் சேர்ந்தார்கள். எல்லோரும் சக்தியைக் கூட்டித்தான் எழுதியிருந்தார்கள். பெயரை மறைத்தே வாழ்ந்தவர்களுக்கு வாட்டைக் குறைத்துச் சொல்ல மனசு வராது. உணவகத்தின் பின்னறையில் முதல் கூட்டம் நடந்தது. கிராட்ஸ் சொன்னபடியே பிஸ்கட் டப்பா ஒரு சுற்று வந்ததும் மூடப்பட்டது. வோல்டரைத் தலைவராக்கினார்கள். செயலாளருக்கு என் பெயரைச் சொன்னவரும் வோல்டர்தான்.

"எனக்கு டிரான்ஸ்மிட்டரே இல்லையே" என்றேன்.

"தப்பில்லாம டச்சு எழுதறவன் இந்தத் தெருவுல நீ ஒருத்தன்தான். எங்களுக்கு ஊர்ப் பேச்சுதான் வரும். நாங்க எழுதினா எங்க டீச்சரம்மா சமாதியில இருந்து எழுந்து வந்து அடிப்பா."

எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். பதினோரு வருஷத்தில் அந்த ஊரில் எனக்கென்று யாரும் கைதட்டியது அன்றுதான். எனக்கு டச்சு சரியாக எழுத வந்ததற்கு ஒரே காரணம், தேர்வில் தேறாவிட்டால் குடியுரிமை கிடையாது என்பது.

அனுமதிக்கு ஒன்பது பேர்தான் விண்ணப்பித்தார்கள். மற்ற இருபத்திரண்டு பேர், பார்த்துக்கொண்டு பிறகு கேட்கலாம் என்று விட்டார்கள். அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில் விண்ணப்பதாரர்களின் பட்டியலையும், சங்கம் குறித்துத் தேவையான ஆவணங்களையும் இணைக்கச் சொல்லியிருந்தது. வோல்டர் தந்த அட்டைகளைப் பார்த்து நான் ஏற்கனவே ஒரு முழுப் பட்டியல் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். முப்பத்தொரு பெயர், முகவரி, வாட்.

அந்தப் பட்டியலையும் சேர்த்து வைத்தேன்.

யாரும் கேட்கவில்லை. ஒன்பது பேர் பெயர் கொண்ட ஒற்றைத் தாள் போதும். ஆனால் வெளிநாட்டவர் அலுவலக ஜன்னல்களில் பதினோரு வருஷம் நின்று நான் கற்றுக்கொண்ட பாடம் வேறு. ஒரு தாள் குறைந்தால் ஆறு மாதம் போய்விடும். ஒரு தாள் கூடுதலாக இருக்கிறது என்று யாரையும் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை. கல்யாணப் பத்திரிகையிலிருந்து தடுப்பூசிச் சீட்டு வரை கேட்காமலே கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். அந்தக் கை அதே வேலையைத்தான் செய்தது. வோல்டர் என் வீட்டுச் சமையலறை மேசையில், என் மனைவி சுட்டுப் போட்ட வடையைத் தின்றுகொண்டே, தாள்கட்டைப் புரட்டாமல் கையெழுத்துப் போட்டார்.

"படிச்சுப் பாருங்க" என்றேன்.

"நீ படிச்சுட்டயில்ல?" என்றார்.

அக்டோபர் மாதம் ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு இரண்டு கார்கள் ஊருக்குள் வந்தன. வழக்கமாக அலைவரிசை அலுவலக ஆட்கள் கருவியை வைத்துக்கொண்டு வயலைச் சுற்றி அலைவார்கள். அதற்குள் தகவல் பரவி எல்லோரும் ஏரியலை அவிழ்த்துவிடுவார்கள். அன்று அலையவே இல்லை. நேராக ஆறு முற்றங்களுக்குள் போய் நின்றார்கள். ஆறு பெட்டிகள் போயின. விண்ணப்பித்த ஒன்பது பேரில் ஒருவர் வீட்டுக்கும் போகவில்லை.

மதியம் உணவகத்தில் கிராட்ஸ் மேசையைக் குத்தினான்.

"வணக்கம் திரு நெய்ஹௌஸ்ங்கறான்! உங்க நானூறு வாட்டைக் கொஞ்சம் பார்க்கலாமாங்கறான்! எங்கிட்ட நானூறு எப்பய்யா இருந்துச்சு? அந்த நானூறு ஒரே ஒரு அட்டையிலதான் இருந்துச்சு!"

யாரும் வோல்டரைப் பார்க்கவில்லை. எல்லோரும் காபிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். வோல்டர் எழுந்து என்னவோ சொல்ல வாயெடுத்தார். கிராட்ஸ், "தலைவரே, உக்காருங்க. உங்க ஒரு வாட் பத்திரமா வந்து சேரும்" என்றான்.

மறுநாள் காலை குப்பிகளை ஜன்னலில் வைத்துவிட்டு வோல்டர் போகாமல் நின்றார்.

"டானி, அந்தக் கட்டுல முழுப் பட்டியல் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அவங்க கேட்டாங்களா?"

"இல்ல. ஒரு தாள் குறைஞ்சுடக் கூடாதேன்னு..."

அவர் கொஞ்ச நேரம் குப்பிகளை நேராக்கினார். அவை நேராகத்தான் இருந்தன.

"உன் குடியுரிமை எப்ப?"

"மார்ச்ல முடிவு வரும்னாங்க."

"அப்ப வாயை மூடிக்கிட்டு இரு. கிராட்ஸோட மச்சான் நகராட்சியிலதான் இருக்கான். மார்ச் வரைக்கும் நான் அனுப்பினதாவே இருக்கட்டும். கையெழுத்து என்னுதுதானே."

"அது தப்பில்லையா வோல்டர்?"

"தப்புதான். குப்பியை எண்ணிக்கோ, பதினேழு."

அந்த மச்சானால் என்னை ஒன்றும் செய்திருக்க முடியாது என்பது இப்போது தெரிகிறது. அன்றும் ஓரளவு தெரிந்துதான் இருந்தது. பயம் அதையெல்லாம் விசாரித்துக்கொண்டு வருவதில்லை. வோல்டர் ஹெர்மீனிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை.

ஜனவரியில் அனுமதி வந்தது. முதல் ஞாயிறு காலை நான் என் வீட்டுக் கூடத்தில் ரேடியோவைத் திருப்பிவைத்து உட்கார்ந்திருந்தேன். இரண்டு அக்கார்டியன் பாட்டு வந்தது. பிறகு வோல்டரின் குரல். தொண்டையைச் செருமினார்.

"இது தகரச் சேவல். என் பேரு வோல்டர் கேர்டிங்க்." நிறுத்தினார். தாளைத் தேடுகிற சத்தம் கேட்டது. "வோல்டர் கேர்டிங்க். யாராவது ரிப்போர்ட் கொடுங்க."

அலை காலியானது. சீறல் சத்தம் மட்டும். எட்டு நிமிஷம் அப்படியே இருந்தது. பிறகு அவரே திரும்பி வந்து இன்னொரு பாட்டுப் போட்டார். அனுமதி பெற்ற மற்ற எட்டுப் பேரும் அலைக்கு அந்தப் பக்கத்தில் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அவர் மூடிய அடுத்த நொடியில் மார்ட்டின் வந்து, அவர் அங்கே இல்லவே இல்லாதது போல, பனி பெய்வதைப் பற்றிப் பேசினான். மார்ட்டினுக்கு உடனே மூன்று ரிப்போர்ட்.

அடுத்த ஞாயிறும் இதேதான். அதற்கடுத்த ஞாயிறும்.

பிப்ரவரியில் வோல்டருக்கும் ஹெர்மீனுக்கும் கல்யாணமாகி நாற்பது வருஷம். இங்கே அதற்கு முந்தின நாள் அக்கம்பக்கத்தார் கூடி வந்து வீட்டு வாசலில் ஊசியிலைக் கிளைகளை வளைத்துக் கட்டி, காகித ரோஜாக்கள் செருகி, ஒரு தோரண வளைவு வைக்க வேண்டும். யாரும் கூப்பிட மாட்டார்கள், தாமாக வருவதுதான் முறை. ஹெர்மீன் முப்பது பேருக்கு முட்டை மது வாங்கி வைத்திருந்தாள். மதியம் மூன்று மணிக்கு நானும் என் மனைவியும் இரண்டு கிளைகளோடு போனோம். வேறு யாரும் இல்லை. இரண்டு கிளையை வைத்து வளைவு கட்ட முடியாது. கதவின் இரண்டு பக்கமும் சாத்தி வைத்தோம்.

"சாவு வீடு மாதிரி இருக்கு" என்றாள் ஹெர்மீன். பிறகு கணவரைப் பார்த்து, "உன் பேரைச் சொல்லணும் சொல்லணும்னியே, இப்ப ஊரே சொல்லுது, போதுமா?" என்றாள்.

வோல்டர் கண்ணாடிக் குவளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "எங்க இருந்தோ வந்த நீ ஒருத்தன்தான் மனுஷன் டானி. எதை நெனச்சு இவர் அந்தப் பட்டியலை அனுப்பினாரோ, நீயாவது தடுத்திருக்கக் கூடாதா?"

என் மனைவி தரையைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். நான் கூழ் மாதிரிக் கெட்டியான அந்த முட்டை மதுவைக் கரண்டியால் அள்ளி வாயில் வைத்துக்கொண்டேன். வாய் நிறைந்திருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை.

மார்ச் பதினெட்டாம் தேதி நகராட்சி மண்டபத்தில் எனக்குக் குடியுரிமை கொடுத்தார்கள். கிராட்ஸின் மச்சான்தான் என் காகிதங்களை எடுத்து நகரத் தலைவரிடம் நீட்டினான். "வாழ்த்துகள்" என்று எனக்குக் கைகொடுத்தான். வோல்டர் பின்வரிசையில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் என் தோளில் தட்டி, "இனி உன்னை எவனும் அனுப்ப முடியாது" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. நானே ஆரம்பிக்க வேண்டும் என்று அவர் நினைத்திருக்கலாம். நான் மழை வரும்போலிருக்கிறது என்றேன்.

ஏப்ரலில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். அதுவரை பாதிப் பேர்கூட வந்திராத கூட்டத்துக்கு அன்று இருபத்தேழு பேர் வந்தார்கள். நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவது, தலைவரை நீக்கும் தீர்மானம். அந்த நிரலை நான்தான் தட்டி அனுப்பியிருந்தேன். சங்க விதிப்படி, கூட்டம் முடியும்வரை தலைவரே நடத்த வேண்டும். வோல்டர் தன்னை நீக்கும் தீர்மானத்தைத் தானே படித்தார். யாருக்காவது கருத்து உண்டா என்று கேட்டார்.

கிராட்ஸ் எழுந்தான். "பெரிசா ஒண்ணுமில்ல. அட்டை லாரியை விட்டுப் போகாதுன்னாரு. போச்சு. ஏன்னு கேட்டா, கையெழுத்து என்னுதுதான்னு ஒரே பாட்டு. வேற பேச்சே இல்ல. டானி பாவம், கொடுத்ததை டைப் பண்ணான், அவனைக் குத்தம் சொல்ல முடியாது."

"செயலாளர் மேல எந்தக் குத்தமும் இல்லன்னு குறிப்புல எழுதணுமா?" என்று கேட்டார் வோல்டர், தலைவர்கள் கேட்கிற குரலில்.

"எழுதிக்கோ" என்றான் கிராட்ஸ்.

எழுதினேன்.

சீட்டுப் போட்டு வாக்கெடுப்பு. என் சீட்டில் நீக்க வேண்டாம் என்று எழுதினேன். ரகசிய வாக்கு என்பதால் அந்த அளவு தைரியம் வந்தது. எண்ணியதும் நான்தான். நீக்கச் சொல்லி இருபத்துமூன்று. வேண்டாம் என்று இரண்டு. வெற்றுச் சீட்டு இரண்டு. அந்த இன்னொரு 'வேண்டாம்' யாருடையது என்று இன்றுவரை தெரியாது. வோல்டருடையதாகத்தான் இருக்கும் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். பிறகு யோசித்தால், அவர் வெற்றுச் சீட்டுப் போடுகிறவர்.

முடிவைப் படித்தார். மணி நாலே கால். கூட்டத்தை முடிப்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு சுற்று உண்டு. தலைவர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, ஏதாவது கேட்கவோ சொல்லவோ இருக்கிறதா என்று கேட்பார். யாரையும் விடக் கூடாது. வோல்டர் இடப்பக்கத்திலிருந்து தொடங்கினார். மார்ட்டின், இல்லை. கிராட்ஸ், இல்லை. ஒருவர், அடுத்த கூட்டத்தில் காபி இவ்வளவு ஆறிப்போயிருக்கக் கூடாது என்றார். குறித்துக்கொண்டேன். இருபத்தைந்து பேரைச் சுற்றிவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்தார்.

எப்போதும் செயலாளரை விட்டுவிடுவார், நேரம் மிச்சம் என்று. அன்று விடவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"டானி. உனக்கு ஏதாவது சொல்ல இருக்கா?"

அறையில் சில பேர் ஏற்கனவே கோட்டை மாட்டத் தொடங்கியிருந்தார்கள். என் உள்பையில் கடவுச்சீட்டு இருந்தது. வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது, எங்கே போனாலும் எடுத்துக்கொண்டு போனேன். இருபத்தாறு முகங்கள். கிராட்ஸ் என்னைப் பார்த்து நட்பாகக் கண்ணைச் சிமிட்டினான்.

"எதுவுமில்ல" என்றேன்.

"செயலாளருக்கு எதுவுமில்லை" என்று வோல்டர் திரும்பச் சொன்னார், நான் குறிப்பில் எழுத வசதியாக, மெதுவாக. நான் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு சுத்தியலைத் தட்டி, அதை கிராட்ஸ் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அந்த வாரமே அனுமதியைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஏரியல் கம்பியைப் பட்டாணிக் கொடிக்குக் கட்டினார். வேலியோரம் பார்த்தால் என்னிடம் பட்டாணி வேண்டுமா என்று கேட்பார், வேறு எதுவும் கேட்டதில்லை. மூன்றாவது குளிர்காலத்தில் வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தபோது மாரடைத்து விழுந்தார்.

சங்கம் நன்றாக நடக்கிறது. இன்று அறுபது பேருக்கு மேல் அனுமதி பெற்று, அவரவர் பெயரைச் சொல்லி ஒலிபரப்புகிறார்கள். அவர் நீக்கப்பட்டதற்கு அடுத்த வருஷக் கூட்டத்தில், முறைப்படி, பழைய கூட்டத்தின் குறிப்பை முதலில் எடுத்துக்கொண்டார்கள். புதிய தலைவர் கிராட்ஸ் பக்கம் பக்கமாகக் கேட்டான். ஒன்றாம் பக்கத்தில் திருத்தம் உண்டா, இரண்டாம் பக்கத்தில் உண்டா. கடைசிப் பக்கத்தின் அடியில் என் கையெழுத்தில் 'செயலாளருக்கு எதுவுமில்லை' என்ற வரி இருந்தது. நான் உட்பட யாருக்கும் திருத்தம் இல்லை. செயலாளருக்கு நன்றி சொல்லி, குறிப்பு ஏற்கப்பட்டது.